கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவன்

1

நான் இருக்கும் ஊர் பாரிஸுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம். ஊருக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. பெரிய அணி என்று சொல்ல முடியாது, தோற்பதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள். மைதானத்தில் 'குடும்பப் பகுதி' என்று நீல நாற்காலிகள் போட்ட ஓர் இடம் இருக்கிறது. நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள்: புகை கூடாது, மது கூடாது, குழந்தைகள் காதில் விழக்கூடாத பேச்சு கூடாது. குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். மற்ற பகுதிகளில் சத்தமும் பீரும் அதிகம், டிக்கெட் விலையும் அதிகம். ஆகவே, தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் சனிக்கிழமை பந்து பார்க்க வேண்டுமானால், ஏழு வயதுப் பேத்தி லீனாவின் தயவு வேண்டும்.

தயவு மட்டும் போதாது. அவளுடைய அம்மா, அதாவது என் மகள் வனிதா, ஒவ்வொரு ஆட்டப் பருவத்துக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'என் மகளை இன்னாருடன் அனுப்பச் சம்மதிக்கிறேன். அங்கே நடந்துகொள்ளும் முறைக்கு அவரே பொறுப்பு.' அந்த இன்னார் நான். கூடவே என் அடையாள அட்டையின் நகல், லீனாவுடைய அட்டையின் நகல், வீட்டு மின்கட்டண ரசீது. இந்த நாட்டில் மின்கட்டண ரசீது இல்லாமல் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது.

"நடந்துக்கற முறைன்னா யாரோடதுப்பா? அவளோடதா, உங்களோடதா?" என்று கையெழுத்துப் போடும்போது வனிதா சிரிப்பாள்.

மனைவி விமலா போய்ச் சேர்ந்த பிறகு நான் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். வாரம் முழுக்க லீனாவுக்குப் பள்ளி, நீச்சல், பியானோ. வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சு. சனிக்கிழமை அந்த நீல நாற்காலியில் உட்காரும் இரண்டு மணி நேரம்தான் அவள் எனக்கு. எவ்வளவு மோசமாக ஆடினாலும் இந்த அணியை நான் விடாததற்குக் காரணம் அதுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் கோல்கீப்பர், மீசை கூடச் சரியாக முளைக்காத பையன், உருண்டு வந்த ஒரு பந்தைக் காலுக்கு நடுவில் விட்டுவிட்டான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை அச்சில் போட முடியாது, விழுப்புரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எழுதிக் காட்டத் தேவையும் இல்லை. கோல்கீப்பரைப் பெற்றவளைப் பற்றிய வார்த்தை.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே தமிழ் யாருக்குத் தெரியும்? அப்போது லீனா நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, அதே வார்த்தையைக் கோல்கீப்பரைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு முறை.

அவள் நாக்கில் தமிழ் சுலபமாக வராது. 'வாழைப்பழம்' என்று சொல்ல வைக்க நான் ஒரு வருடம் முயன்று தோற்றவன். இந்த வார்த்தை மட்டும் எழுத்துப் பிசகாமல், எங்கள் ஊர் இழுவையோடு வந்தது. சுற்றி இருந்தவர்கள் ஏதோ உற்சாகக் குரல் என்று நினைத்தார்கள். முன் வரிசைப் பெண் ஒருத்தி கைதட்டினாள்.

"அத சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

"நீ சொன்னியே" என்றாள்.

ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தேன். வாயை அடைக்கத்தான், வேறெதற்கு.

2

மறுநாள் ஞாயிறு. லீனா குளித்துக்கொண்டே அந்த வார்த்தையைப் பாட்டாகப் பாடினாள். ராகம் கூடப் போட்டிருந்தாள். வனிதா துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் கூடத்தில் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"லீனா, இது எங்க கத்துக்கிட்ட?"

குளியலறையில் பாட்டு நின்றது. பிறகு, "ஸ்கூல்ல" என்று பதில் வந்தது.

லீனாவின் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அமைதியான குழந்தை. அந்த வீட்டில் இப்படி ஒரு சொல் காற்றில் கூட வந்திருக்காது.

"அப்ப டீச்சருக்கு லெட்டர் எழுதணும்" என்றாள் வனிதா. "யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு அவங்க விசாரிக்கட்டும். அதுவரைக்கும் லீனா, உனக்கு மேட்ச் கிடையாது."

லீனா துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று புரிந்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தோன்றியதோ!

நான் உண்மையைச் சொன்னால் அடுத்த பருவத்துக்கு வனிதா கையெழுத்துப் போட மாட்டாள். சனிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக் குழந்தையின் அம்மா பள்ளிக்கூட வாசலில் கைகட்டி நிற்க வேண்டி வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன். காலுறைகளை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்விட்டேன்.

இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றது இது முதல் முறை இல்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

3

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பில் வீடு. எங்கள் பையன்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். எனக்கு விளையாட்டு வராது. ஓடினால் மூச்சு வாங்கும், பந்தை உதைத்தால் செருப்புதான் தூரம் போகும். ஆனால் அணியில் எனக்கு ஒரு பதவி இருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பது.

வெளியூர் ஆட்டம் என்றால் எதிரணி கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்று, ஆட்டம் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே இருப்பான். அவன் கவனம் சிதறினால் நமக்கு லாபம். இந்த வேலைக்கு நல்ல தொண்டை வேண்டும், வெட்கம் இருக்கக் கூடாது. இரண்டிலும் நான் குறை வைக்கவில்லை. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறினால் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கக் கம்பத்துக்கு நடப்பேன். எங்கள் ஆட்கள் அதற்குத் தனியாக விசில் அடிப்பார்கள்.

சும்மா பேமானி, சோமாறி என்று கத்தினால் எந்தக் கோல்கீப்பரும் அசைய மாட்டான். அவன் வீட்டுச் சங்கதி தெரிய வேண்டும். அதற்காக எங்கள் கேப்டன் சேகர் முன்னாடியே அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்து அம்மா பெயர், பெண்டாட்டி பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்துவிடுவான். அதை வைத்துக்கொண்டு நான் வேலையைத் தொடங்குவேன்.

அந்த வருடம் திண்டிவனத்தில் ஒரு போட்டி. காலை பாசஞ்சரில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறிக் கூத்தடித்துக்கொண்டு போனோம். அவர்கள் கோல்கீப்பர் தண்டபாணி. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஆள், கை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு இருக்கும்.

"பொண்டாட்டி பேரு ராஜேஸ்வரி" என்றான் சேகர். "ரொம்பப் பாசமாம்டா. கல்யாணம் ஆகி எட்டு வருஷம் ஆயும் அந்தம்மாவை மில்லு வாசல்ல கூட நிக்க வுட மாட்டானாம். அத வச்சி அடி."

முதல் பாதியில் அடித்தேன். தண்டபாணி மலை மாதிரி நின்றார். கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் அவர் கிழக்குப் பக்கக் கம்பத்துக்குப் போனார். அங்கே ஒரு புளியமரம். மாலை வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று அதன் கீழேதான் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைப் போட்டு, கயிறு கட்டி, பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் அங்கே போய் நின்றதும் மைக் பேசியது.

"விழுப்புரம் நண்பர்களே, தயவு பண்ணி கெழக்கால கோல் போஸ்ட்டாண்ட நிக்காதீங்க. அங்க தாய்மாருங்க குந்தியிருக்காங்க."

நான் சேகரைப் பார்த்தேன். அவன் எல்லைக்கோடு வரை ஓடி வந்தான்.

"அவனுங்க அப்பிடித்தான் சொல்லுவானுங்க. பொம்பளைங்க இருந்தா இன்னா? காத மூடிக்கினு குந்தட்டும். ஜல்தி வாயத் தொறடா!"

திறப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நான்கைந்து.

"துன்னுண்ணா. சூடா கீது."

வாங்கித் தின்றேன். உப்பு சரியாக இருந்தது. தின்று முடித்துத் தோலைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"யோவ் தண்டபாணி! நீ இங்க நின்னுக்கினு கீற. ராஜேஸ்வரி வூட்ல யாரோட கீதுன்னு தெரியுமாய்யா?"

சின்னப் பெண் குதித்தாள். "ம்மா! இந்த அண்ணன் உன் பேரு சொல்லுது!"

அவளுக்குப் பின்னால் பச்சைப் புடவையில் ஒரு பெண். முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். எழுந்து போகவில்லை. எழுந்தால் அவள்தான் ராஜேஸ்வரி என்று மைதானம் முழுக்கத் தெரிந்துவிடுமே.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். தண்டபாணியின் முதுகு முதல் முறையாக ஆடியதையும் நான் பார்த்தேன். வேலை பலிக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. ராஜேஸ்வரியை விட்டு, தண்டபாணியைப் பெற்றவளைப் பிடித்துக்கொண்டேன். போன மாதம் பிரான்சில் என் வாயில் வந்தது அதே வார்த்தைதான். மூச்சுக்கு மூச்சு சொன்னேன்.

அந்தக் குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் எதையோ கத்துகிறார்கள், இந்த அண்ணன் அப்பா பேரைச் சொல்லி இதைக் கத்துகிறார், அப்படியென்றால் இது அப்பா ஜெயிப்பதற்குத்தான் என்று அது நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பந்தோடு முன்னேறி வந்தபோது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ள பலமெல்லாம் கூட்டி, அந்த வார்த்தையைத் தன் அப்பாவைப் பார்த்துக் கத்தியது.

தண்டபாணி திரும்பினார். என் குரலுக்குக் கடைசி வரை திரும்பாத மனிதர், மகள் குரலுக்குத் திரும்பினார். பந்து உள்ளே போனது.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். விசில் ஊதியதும் தண்டபாணி யாருக்கும் கை கொடுக்காமல் நேராகப் புளியமரத்துக்கு வந்தார். குழந்தை சிரித்துக்கொண்டே எதிரே ஓடி, அந்த வார்த்தையை இன்னொரு முறை சொன்னது. முறம் போன்ற கையால் ஓர் அறை விட்டார். குழந்தை சுருண்டு விழுந்தது.

"இன்னாத்துக்குங்க கொயந்தைய அடிக்கிறீங்க?" என்று ராஜேஸ்வரி ஓடிப்போய்த் தூக்கினாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் கை காட்டவில்லை.

நான் ஆறடி தூரத்தில் நின்றேன். 'அண்ணே, அத நான் சொன்னேன், குழந்தைய அடிக்காதீங்க' என்றால் முடிந்தது. அதற்குள் சேகரும் பையன்களும் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கோல் அடித்தவனைத் தூக்கவில்லை, என்னைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா இடுப்பிலிருந்து அந்தக் குழந்தை என்னையே பார்த்தது. ஒரே வார்த்தைக்கு எனக்குத் தோள் கிடைத்தது, அதற்கு அறை கிடைத்தது. ஏன் என்று அதற்கு விளங்கவில்லை. நான் கையை உயர்த்தி எல்லாருக்கும் ஆட்டினேன்.

4

இது தீராத கணக்காக நின்றதற்குக் காரணம் அந்த அறை மட்டும் இல்லை. மூன்று வருடம் கழித்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பாண்டிச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம்; கட்டிக்கொண்டால் பிரான்சுக்குப் போய்விடலாம். எங்கள் பக்கம் அப்போது அது லாட்டரி விழுந்த மாதிரி. பாண்டிச்சேரி போகும் வழியில் கண்டமங்கலம் தாண்டினால் இப்படி ஒரு பெண் கிடைப்பாளா என்று பல வீடுகளில் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை வைக்கத் திண்டிவனம் போனேன். பேருந்து நிலையத்தில் பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. தண்டபாணி.

"விழுப்புரம் தம்பி தான நீ? கம்பத்துக்குப் பின்னால நின்னியே!"

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். பகை எதுவும் இல்லை. பழைய ஆட்டங்களைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார். மெதுவாக நான் கேட்டேன்.

"பாப்பா எப்பிடிண்ணே கீது?"

"கீது. படிக்குது. மேட்சுக்குத்தான் வர்றதே இல்ல. முன்னல்லாம் என் பனியனப் புடிச்சிக்கினு நான் முந்தி நீ முந்தின்னு ஓடியாரும். அன்னிக்கு அடிச்சதுலேருந்து, கூப்புட்டா கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குது." டம்ளரைக் கீழே வைத்தார். "உன்ன ஒண்ணும் சொல்லலப்பா. நீ கத்துனது ஆட்டத்துக்கு. ஆம்பளைங்க ஆயிரம் பேசுவோம். பொட்டப்புள்ள வாயில அது வர்லாமா? நீயே சொல்லு, நான் அடிச்சது தப்பா?"

என்னிடம் நியாயம் கேட்டார். அந்த மனிதருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தப்பு என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்திருப்பார்.

"தப்பு இல்லண்ணே" என்றேன்.

என் வாயிலிருந்து எத்தனையோ கெட்ட வார்த்தைகள் வந்திருக்கின்றன. இதைவிடக் கெட்டது வந்ததில்லை.

5

பிரான்சுக்கு வந்த புதிதில் என் பிரெஞ்சு படு பரிதாபம். குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான அம்மாளை ஒரு வருடம் முழுக்க 'நீ, நீ' என்று ஒருமையில் பேசியிருக்கிறேன். மரியாதைக்கு வேறு சொல் உண்டு என்று விமலா சொல்லித்தான் தெரியும். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

பிறகு மொழி வந்தது, மரியாதையும் வந்தது. ஆனால் பிரெஞ்சில் எனக்குக் கோபம் வராது. கோபம் வந்தால் தமிழ்தான். தபால் பிரிக்கும் கூடத்தில், வரிசையில், சிக்னலில் குறுக்கே வந்த காரைப் பார்த்து, சத்தமாகத் தமிழில் திட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்பேன். யாருக்குப் புரியப் போகிறது? ஊரை விட்டு வந்ததில் கிடைத்த ஒரே சுதந்திரம் அதுதான் என்று நண்பர்களிடம் பெருமையடித்ததும் உண்டு. கம்பத்துக்குப் பின்னால் நிற்பவனை நான் கையோடு கூட்டிக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறேன்.

6

புதன்கிழமை இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. மத்தியானம் லீனா உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். வனிதா சமையலறை மேசையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அந்த லெட்டர் வேணாம்மா. லீனா அத ஸ்கூல்ல கத்துக்கல. என்கிட்ட கத்துக்கிச்சு. மைதானத்துல நான்தான் சொன்னேன்."

வனிதா பேனாவை மூடி வைத்தாள்.

"தெரியும்பா."

"தெரியுமா?"

"அந்த வார்த்தைய அப்படி இழுத்துச் சொல்றவங்க இந்த ஊர்ல வேற யாரு இருக்காங்க?" தாளை என் பக்கம் திருப்பினாள். 'மதிப்புக்குரிய ஆசிரியைக்கு' என்ற ஒரு வரிதான் இருந்தது. "மூணு நாளா இதையே எழுதிட்டு இருக்கேன். வந்து சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

அதன் பிறகு திண்டிவனத்துக் கதை முழுவதையும் சொன்னேன். விமலாவிடம் கூடச் சொன்னதில்லை. மல்லாட்டை, பச்சைப் புடவை, அறை, பேருந்து நிலையத்து டீ, எதையும் விடவில்லை. இத்தனை வருடம் மனதில் வைத்துப் புழுங்கியவனை மகள் கொஞ்சம் தேற்றுவாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அந்தப் பொண்ணுக்கு அப்ப எத்தனை வயசு இருக்கும்?" என்றாள்.

"ஏழு இருக்கும்."

"எனக்கு ஆறு."

"என்னம்மா சொல்ற?"

"கார்ல பின் சீட்டுல உக்காந்து கத்துக்கிட்டேன். சிக்னல்ல யாரையோ திட்டினீங்க. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன், புதுசா ஒரு தமிழ் வார்த்தை தெரிஞ்சுக்கிட்டேன்னு. அம்மா தோசைக் கரண்டியால அடிச்சாங்க. நீங்க ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. நான் அழுதுக்கிட்டே உங்களைத்தான் பாத்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்தைத் திருப்பினீங்க."

தேடிப் பார்த்தேன். இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விமலாவும் இல்லை. யாரோ பெற்ற பிள்ளையின் அழுகையை நாற்பது வருடம் மனதில் வைத்துக்கொண்டு, நான் நல்லவன்தான், அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்று இருந்துவிட்டேன். என் வீட்டுக்குள் என் பிள்ளை அழுதது எனக்குத் தெரியவில்லை.

வனிதா எழுந்து தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். சனிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. உள்ளே பார்த்து, "லீனா, இங்க வா. தாத்தா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்று கூப்பிட்டுவிட்டு, எங்களைத் தனியே விட்டுப் போனாள்.

லீனா கையில் வண்ணப் பென்சிலோடு வந்து நின்றாள். எனக்காகப் பொய் சொன்னதற்குத் திட்டு விழப் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, முகம் சிறுத்திருந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தேன்.

"தாத்தாவ மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

லீனா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, 'மன்னிச்சுக்கோ' என்றால் என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள்.